அரசாங்க உத்தியோகமும் மகளிர் உரிமையும்: இலங்கை அரசியல் யாப்புக்கள் வாயிலாக ஒரு நோக்கு

ஒரு நாட்டின் அரசியல் யாப்பு குடிமக்களுக்கு வழங்கும் உரிமைகளுள் அரசாங்க உத்தியோகத்திற் சமவாய்ப்புப் பெறும் உரிமையும் ஒன்றாகும். வாக்குரிமையைப் போல இது மேடைகளிற் புகழப்படுவதில்லை. ஆயினும் மாதச் சம்பளத்தையும் முதுமையில் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் நடுத்தரக் குடும்பங்களுக்கு இவ்வுரிமையின் பெறுமதி சொல்லாமலே விளங்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பல, இலிகிதராகவோ ஆசிரியராகவோ மருத்துவராகவோ ஒருவர் பெற்ற நியமனக் கடிதத்தினால் நிலைபெற்றவை. அந்தக் கடிதம் மகனுக்கு வருவதுபோல மகளுக்கும் வருமா? வந்தபின் இருவரும் ஒரே ஏணியில் ஒரே அளவு உயரலாமா? இவ்வினாக்களுக்கு 1931, 1947, 1972, 1978 ஆகிய ஆண்டுகளின் யாப்புக்கள் நான்கும் தந்த விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெண்கள் அரசாங்க சேவையிற் புகுந்த வாயில் உரிமையென்னும் வாயிலன்று; தேவையென்னும் வாயிலேயாம். பெண் நோயாளரைப் பார்க்கப் பெண் மருத்துவரும் தாதியரும் வேண்டப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியைகள் வேண்டப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கொழும்பு மருத்துவக் கல்லூரியிற் பெண்கள் சேர்ந்து பயின்றமை இத்தேவையின் பயனே. தேவை திறந்த கதவு, தேவை முடியுமிடத்தில் நின்றுவிடும். கச்சேரியை நடத்தவும் திணைக்களத்தை ஆளவும் பெண் தேவையென்று அக்காலத்தில் ஒருவருங் கருதவில்லை. ஆதலால் இந்நாட்டு ஆட்சியின் முதுகெலும்பாக விளங்கிய சிவில் சேவை ஆண்களின் சேவையாகவே நின்றது. தேவைக்கும் உரிமைக்குமிடையேயுள்ள இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்வரும் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே சுழல்கின்றது.

1927ஆம் ஆண்டில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். ஆணைக்குழு 1928ஆம் ஆண்டு அறிக்கையில், முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு வாக்களிக்கலாமென விதந்துரைத்தது. 1931ஆம் ஆண்டு யாப்பு நடைமுறைக்கு வந்தபோது ஆண் பெண் இருபாலாருக்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. பிரித்தானியப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்று மூன்றாண்டே கழிந்திருந்த காலம் அது. தமிழரிடையே இவ்வுரிமைக்கு எதிர்ப்பும் இருந்தது. 1913ஆம் ஆண்டிற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே மகளிர் வாக்குரிமையை எதிர்த்தார் என்பதை நாம் மறைத்தற்கில்லை. கல்வி வேறு, ஆட்சி வேறு என்பது அத்தலைமுறையினர் பலரது எண்ணமாயிருந்தது.

அவ்வெண்ணத்தை வாக்காளரே விரைவில் மறுத்தனர். 1931ஆம் ஆண்டு நவம்பரில் உருவான்வெல்லைத் தொகுதியில் அடலின் மொலமுறே அம்மையார் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1932ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பு வடக்கிலே நேசம் சரவணமுத்து அம்மையார் இடைத்தேர்தலில் வெற்றி பெற்றுச் சபையின் இரண்டாவது பெண் உறுப்பினரானார். 1936ஆம் ஆண்டிலும் அத்தொகுதி மக்கள் அவரையே தெரிந்தனர். 1937ஆம் ஆண்டில் மருத்துவர் மேரி இரத்தினம் அம்மையார் பம்பலப்பிட்டி வட்டாரத்திற் போட்டியிட்டுக் கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானார். கனடாவிற் பிறந்து தமிழரொருவரை மணந்து இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். தலைநகரின் வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த வாக்காளர் பெண்ணின் தகைமையை அளந்தறிந்து ஏற்றுக்கொண்டமைக்கு இவை சான்றாம்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கின்றோம். டொனமூர் யாப்பின்படி அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து திணைக்களங்களை மேற்பார்வை செய்தது. ஆகவே திணைக்களத் தலைவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் சபை உறுப்பினரான பெண்ணுக்கு இருந்தது. அத்திணைக்களத்தின் தலைமைக்குச் சிவில் சேவை வழியாக உயரும் வாய்ப்பு அவர் மகளுக்கு இருக்கவில்லை. யாப்பு வாக்கைப்பற்றிப் பேசியது. உத்தியோகத்தைப்பற்றிப் பால் நோக்கிலே எதுவும் பேசவில்லை. தடைகள் ஒவ்வொன்றாகச் சாதாரணச் சட்டத்தினாலேயே நீக்கப்படவேண்டியிருந்தன. 1933ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சட்டத்தொழிலிற் பெண்களுக்கிருந்த தடையை நீக்கியது. புதுக்கடை நீதிமன்றங்களின் வாயில் பெண்களுக்குத் திறந்தது அதன்பின்னரே.

1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பில் அடிப்படை உரிமைகளென ஓர் அதிகாரம் இருக்கவில்லை. அதன் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ ஏனையோருக்கில்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாதென விலக்கியது. சிறுபான்மையோரின் காப்பு எனத் தமிழர் போற்றிய பிரிவு இது. சமூகமும் மதமும் அதிற் குறிக்கப்பட்டன, பால் குறிக்கப்படவில்லை.

அப்பிரிவு அரசாங்க ஊழியரொருவருக்கு எவ்வாறு ஆயுதமாயிற்று என்பதைக் கோடீசுவரன் வழக்குக் காட்டும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத காரணத்தாற் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட தமிழ் இலிகிதர் அவர். அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என வாதித்து, 1964ஆம் ஆண்டிற் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே வெற்றி கண்டார். 1967ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்காட முடியாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. 1969ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம் வழக்காட முடியுமெனத் தீர்த்து, மொழிச் சட்டத்தின் செல்லுபடி பற்றிய வினாவை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. இறுதிப் பயன் யாதாயினும், தமிழன் என்ற காரணத்தால் நேர்ந்த குறையை யாப்பின் வாசகத்தைச் சுட்டி முறையிட அவருக்கு ஓர் இடம் இருந்தது. பெண் என்ற காரணத்தால் விண்ணப்பம் திருப்பியனுப்பப்பட்டவளுக்கு அக்காலத்தில் அத்தகைய வாசகம் ஒன்றேனும் இருக்கவில்லை. தமிழ்ப் பெண்ணாயின் பாதிக் குறைக்கு மருந்துண்டு, மறுபாதிக்கு இல்லை என்பதே நிலை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடந் தூது சென்ற ஔவையாரைப் படித்தறிந்தவர் நாம். எனினும் சுதந்திர இலங்கையின் வெளிநாட்டுச் சேவையில் முதற் பெண் உத்தியோகத்தர் சேர்ந்தது 1958ஆம் ஆண்டிலேயே. மானெல் அபேசேகர என்பார் அவர். 1960ஆம் ஆண்டு யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார் உலகின் முதற் பெண் பிரதமரானார். அவரது ஆட்சிக்காலத்தில், 1963ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி பழைய சிவில் சேவை கலைக்கப்பட்டு நிருவாக சேவை தோன்றியது. நாட்டின் தலைமைப் பதவியிற் பெண்ணொருத்தி அமர்ந்தமை, அலுவலகங்களிலுள்ள பெண்களுக்கு யாப்பின் காப்பைத் தானே கொண்டுவந்துவிடவில்லை. அதற்குப் பின்னும் பன்னிரண்டாண்டு செல்லவேண்டியிருந்தது.

இதற்கிடையிற் பாக்குநீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததையும் நோக்குவோம். 1950ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய யாப்பின் 16ஆம் உறுப்புரை, அரசின் கீழுள்ள எந்த வேலையிலும் பதவியிலும் பால் காரணமாகப் பாகுபாடு காட்டலாகாதெனத் தெளிவாக விதித்தது. ஆயினும் வாசகம் எழுதிய மறுநாளே வழக்கம் மாறிவிடுவதில்லை. 1951ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தெரிவாகிச் சென்னை மாநிலத்திற் கடமையேற்ற அன்னா ராஜம் அம்மையாரின் நியமனக் கடிதத்திலே, மணம் புரிந்தாற் பணி முடிவுறும் என்னும் நிபந்தனை இருந்தது. அவ்விதி பின்னர் நீக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணியிலோ பெண் உத்தியோகத்தர் மணம் புரிய அரசின் அனுமதி பெறவேண்டுமென்ற விதி பல்லாண்டு நீடித்தது. 1949ஆம் ஆண்டில் அப்பணியிற் சேர்ந்த முதற் பெண்மணியான சி. பி. முத்தம்மா, பதவியுயர்வு மறுக்கப்பட்டபோது உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே அரசாங்கம் அவருக்கு உயர்வளித்துவிட்டது. 1979ஆம் ஆண்டில் நீதியரசர் கிருஷ்ண ஐயர், உயர்வு கிடைத்துவிட்டமையால் மனுவை முடித்துவைத்தபோதும், பெண்களைத் தாழ்த்தும் சேவை விதிகளைக் களையுமாறு அரசை வற்புறுத்தினார். யாப்பு நூலிலிருக்கும், விதி கோவையிலிருக்கும். கோவையைத் திருத்த யாப்பை ஒருவர் கையிலெடுத்துச் சென்றாக வேண்டும். முத்தம்மா வழக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.

இனி நமது 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைப் பார்ப்போம். அவ்வாண்டு மே மாதம் 22ஆந் திகதி நிறைவேறிய அந்த யாப்பைத் தமிழர் வரவேற்கவில்லை. 29ஆம் பிரிவின் காப்பு அதனோடு மறைந்தது. ஆனால் பெண்களைப் பொறுத்தவரையில் ஒரு புதுமையும் அதிலே உண்டு. அதன் 18ஆம் பிரிவு, மத்திய அரசாங்கம், உள்ளூராட்சி, கூட்டுத்தாபனம் முதலிய சேவைகளில் நியமனம் பெறத் தகுதியுடைய எந்தப் பிரசைக்கும் இனம், மதம், சாதி, பால் காரணமாக அந்நியமனத்திற் பாகுபாடு காட்டலாகாது என்றது. அரசாங்க உத்தியோகம் பற்றிப் பால் என்னும் சொல் இலங்கை யாப்பொன்றில் இடம்பெற்றது இதுவே முதன்முறையாகும்.

எனினும் இவ்வாசகத்திலே மூன்று குறைகள் உள. முதலாவது, இந்திய உறுப்புரை வேலை, பதவி என்று விரித்துக் கூறியிருக்க, நமது பிரிவு நியமனம் என்றமட்டில் நின்றது. பதவியுயர்வும் இடமாற்றமும் அச்சொல்லினுள் அடங்குமா என்பது ஐயத்துக்கிடமாயிற்று. இரண்டாவது, அப்பிரிவோடு ஒரு காப்புவாசகம் இணைக்கப்பட்டது: சேவையின் நலன் கருதிக் குறிப்பிட்ட பதவிகளை இருபாலாருள் எவர்க்கேனும் ஒதுக்கலாம் என்பது அது. பார்வைக்கு நடுநிலையாகத் தோன்றும் இது இருபுறமுங் கூருள்ள கத்தியாகும். பெண்களுக்கு இத்தனை இடம் குறையாமல் வேண்டும் எனக் கீழெல்லை வகுக்கவும் இதனாலியலும். பெண்களுக்கு இத்தனைக்கு மேலில்லை என மேலெல்லை வகுக்கவும் இதனாலியலும். நிருவாக சேவையிற் சேரும் பெண்களின் தொகைக்கு மேலெல்லை வைக்கும் வழக்கமும் இந்நாட்டில் இருந்ததொன்றே. சேவையின் நலன் என்ற சொற்றொடரிலே பழைய தேவை மீண்டும் தலைகாட்டுவதை வாசகர் கண்டிருப்பர். மூன்றாவது, உரிமை மீறப்பட்டால் நேரே உச்ச நீதிபீடத்தை அடையத் தனிவழி எதனையும் அந்த யாப்பு வகுக்கவில்லை. மருந்தின் பெயர் எழுதப்பட்டது, மருந்துக்கடை திறக்கப்படவில்லை.

1978ஆம் ஆண்டு செத்தெம்பர் 7ஆந் திகதி நடைமுறைக்கு வந்த இரண்டாம் குடியரசு யாப்பு இக்குறைகளைப் பெரிதும் நீக்கியது. அதன் 12ஆம் உறுப்புரையின் முதற்பகுதி, சட்டத்தின் முன் யாவரும் சமமெனக் கூறுகின்றது. இரண்டாம் பகுதி, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டலாகாதென விதிக்கின்றது. இது நியமனத்தோடு நிற்பதன்று. உயர்வும் ஓய்வும் சம்பளமும் தண்டனையும் யாவும் இதனுள் அடங்கும். நான்காம் பகுதி, மகளிர், சிறுவர், வலுக்குறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காகச் சட்டத்தாலோ நிருவாகச் செயலாலோ சிறப்பேற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்கின்றது. 1972இன் காப்புவாசகத்தை இதனோடு ஒப்பிடுக. அன்று இருபாலாருள் எவர்க்கும் ஒதுக்கலாமெனப்பட்டது. இன்று மகளிரின் முன்னேற்றத்துக்கு மாத்திரமே சிறப்பேற்பாடு அனுமதிக்கப்படுகின்றது. கத்தியின் ஒருபுறக் கூர் மழுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாகக் கையாளப்பட்ட நூற்றுக்கு 25 வீத மகளிர் ஒதுக்கீடு இவ்வகைக் கீழெல்லைக்கு எடுத்துக்காட்டாகும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் அரச பணியில் நூற்றுக்கு 30 இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டதும் இத்தகையதே.

பரிகாரத்துக்கும் வழி வகுக்கப்பட்டது. 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரே உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களை ஏனைய நீதிமன்றங்கள் விசாரிப்பதற்கு யாப்பே தடை விதித்திருந்தும், இவ்வழி அடைபடவில்லை. ஆயின் மனுவை ஒரு மாதத்துக்குள் இடல்வேண்டும். பதவியுயர்வுப் பட்டியல் வெளிவந்து, மேலதிகாரிக்கு முறையீடு எழுதி, மறுமொழிக்குக் காத்திருக்கும் ஆசிரியைக்கோ இலிகிதருக்கோ அந்த ஒரு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் கழிந்துவிடும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்குங் காலத்தை அவ்வொரு மாதத்திற் சேர்க்கலாகாதென விலக்களித்துள்ளது. இச்சிறு விதியை அறியாமையால் தம் உரிமையை இழந்தோர் இலர் எனச் சொல்ல முடியாது. அன்றியும் இவ்வழி ஆட்சித்துறையின் செயலுக்கு எதிராக மட்டுமே திறந்துள்ளது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியை செல்லலாம். தனியார் கம்பனியிற் பணிபுரியும் அவர் தங்கை செல்லுதல் இயலாது.

சருவதேச உடன்பாடுகளும் இக்காலத்திற் கைச்சாத்தாயின. மகளிர்க்கெதிரான பாகுபாடுகளையெல்லாம் ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1981ஆம் ஆண்டில் ஏற்றது. சம ஊதியம் பற்றிய தொழிலாளர் சமவாயத்தை 1993ஆம் ஆண்டிலும், தொழிலிற் பாகுபாடு பற்றிய சமவாயத்தை 1998ஆம் ஆண்டிலும் ஏற்றது. 1996ஆம் ஆண்டில் சிராணி பண்டாரநாயக்க உயர்நீதிமன்றத்தின் முதற் பெண் நீதியரசரானார். 2011ஆம் ஆண்டிற் பிரதம நீதியரசருமானார். 1933இல் திறந்த வாயிலினூடாகப் பெண்ணொருத்தி உச்சியை அடைய எழுபத்தெட்டாண்டு சென்றது.

ஆயினும் போராட்டம் முடிந்ததென எண்ணற்க. 2020ஆம் ஆண்டிற் பிம்சானி ஜாசின் ஆராச்சி இலங்கைப் பொலிஸ் வரலாற்றின் முதற் பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபராக நியமனம் பெற்றார். 2021ஆம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட ஆண் அதிகாரிகள் இந்நியமனத்தை எதிர்த்து உயர்நீதிமன்றத்திலே மனுச் செய்தனர். அங்கீகரிக்கப்பட்ட ஆளணியிற் பெண்களுக்கென அத்தகைய பதவி இல்லை என்பது அவர் வாதங்களுள் ஒன்று. இவ்வாதத்தை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். பெண் பொலிசாருக்கெனத் தனி ஆளணி வகுக்கப்பட்டது, தேவை நோக்கி அவர்களை உள்ளே அழைப்பதற்காக. அதே தனிப் பட்டியல் பின்னர் அவர்கள் ஏறுவதற்கு எல்லையாகக் காட்டப்படுகின்றது. சமத்துவத்துக்காக எழுந்த உறுப்புரையையே சுட்டி, ஒரு பெண்ணின் உயர்வு ஆண்களின் சமத்துவத்தைக் குலைத்ததென முறையிடவும் இடமுண்டாயிற்று. தேவையால் நுழைந்தவர்க்கு இடம் அளந்தே கொடுக்கப்படும். உரிமையால் நுழைந்தவர்க்கே முழு ஏணியும் உண்டு என்பதற்கு இதனினுந் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இன்னுமொரு குறை யாப்பின் உள்ளேயே உளது. அதன் 16ஆம் உறுப்புரை, யாப்புக்கு முன்னிருந்த சட்டங்கள் யாவும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுமெனக் காக்கின்றது. தமிழருக்கு இதன் பொருள் யாதென ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழ் ஆசிரியையொருத்தி, ஆண் ஆசிரியர் பெறும் அதே சம்பளத்தைப் பெற்று, அதிற் சேமித்துக் காணித் துண்டொன்றை வாங்குகின்றார். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அக்காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் அவருக்கு வேண்டும். கணவனுக்கோ தன் தேட்டத்தை விற்க அவர் சம்மதம் வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலிற் சமமாயிருந்தவர் உறுதிப் பத்திரத்திற் குறைந்துவிடுகின்றார். 12ஆம் உறுப்புரை அலுவலக வாயில் வரையில் அவரோடு வருகின்றது. வீட்டு வாயிலில் 16ஆம் உறுப்புரை அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. தேசவழமையை நம் மரபின் காப்பாகப் போற்றுவோர், அதன் நற்கூறுகளைப் பேணுவதற்காகவே இக்குறையை நீக்க முன்வரவேண்டும். மரபு திருத்தத்தினால் அழிவதில்லை, திருத்தமின்மையாலேயே இகழப்படுகின்றது.

முடிவாகச் சில கூறுவோம். நூறாண்டை நெருங்கும் இவ்வரலாற்றில் 1931 வாக்கைத் தந்தது. 1947 இவ்விடயத்தில் வாய் திறக்கவில்லை. 1972 பெயரைத் தந்தது. 1978 பரிகாரத்தைத் தந்தது. 2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க மகளிர் வலுவூட்டற் சட்டம் மகளிர்க்கெனத் தேசிய ஆணைக்குழுவொன்றை அமைக்க வழி செய்துள்ளது. இனி வேண்டுவன மூன்று: மனுவுக்குரிய ஒரு மாதக் கெடுவை நீட்டுதல், 16ஆம் உறுப்புரையை நீக்குதல், ஒவ்வொரு சேவையின் ஆட்சேர்ப்பு விதிகளையும் ஆளணிப் பட்டியலையும் 12ஆம் உறுப்புரையோடு ஒப்பிட்டுத் திருத்துதல். முதலிரண்டும் பாராளுமன்றத்தின் கடமை. மூன்றாவது, கோவைகளைக் கையாளும் உத்தியோகத்தரின் கடமை. அவருட் பலர் நம் கல்லூரிகளிலேயே பயின்று சென்றவர், இனியும் பயின்று செல்வோர்.

பாடசாலைகளிற் குடியியல் கற்பிக்கும் நாம் யாப்பின் உறுப்புரைகளை மனனஞ் செய்விக்கின்றோம். அத்தோடு, வர்த்தமானியில் வரும் ஒரு பதவி விளம்பரத்தையும் மாணவர் கையிற் கொடுத்து, தகைமைப் பகுதியை வாசித்து, இது 12ஆம் உறுப்புரைக்கு இயைந்ததா என வினவுதல் நன்று. ஆண் மாணவருக்கும் அதனைக் கற்பித்தல் வேண்டும். நாளை அவ்விளம்பரத்தை எழுதுபவர் அவருள் ஒருவராயிருக்கலாம்.